கிஸ்ஸி, மெண்டேயின் கிளையன்று

அனுப்புநர்:
சூ. செபமாலைமுத்து,
தபால் பிரிப்பாளர் (ஓய்வு),
மனோர் பார்க், லண்டன்.

பெறுநர்:
திரு. பாலேந்திரா அவர்கள்,
பொறுப்பதிகாரி, மொழிபெயர்ப்பாளர் பதிவுப் பிரிவு,
லண்டன்.

பொருள்: கிஸ்ஸியைத் தனி மொழியாகப் பதிந்து, ஜூன் 14 மறுவிசாரணைக்கு அம்மொழி தெரிந்தவரை அனுப்பக் கோருதல் (மூன்றாவது மனு).

மதிப்பிற்குரிய ஐயா,

1. பட்டியலிலுள்ள எந்த மொழியிலும் எழுதலாம் என்று தாங்கள் அச்சிட்டிருப்பதால் தமிழில் எழுதுகிறேன். திருமதி கும்பாவுக்கு அந்த வசதி இல்லை. லைபீரியப் போருக்குத் தப்பி வந்த அவர் பேசுவது கிஸ்ஸி. தங்கள் பட்டியலில் அது "மெண்டே (கிஸ்ஸி உட்பட)" என்றிருக்கிறது.

2. அவருடைய முதல் குடிவரவு விசாரணைக்கு மெண்டே மொழிபெயர்ப்பாளர் வந்தார். கும்பா மெண்டே அறியார். பிள்ளைகள் உண்டா என்று கேட்கப்பட்டது. அவர் சொன்ன பதில் வந்தவருக்கு விளங்கவில்லை. "பிள்ளைகள் இல்லை" என்று பதிவாயிற்று. கினி நாட்டு அகதி முகாமிலிருக்கும் மகளை அழைக்க அவர் செய்த விண்ணப்பம் அந்த ஒரு வரியால் மறுக்கப்பட்டது.

3. இப்பிழையில் எனக்கும் பங்குண்டு. நான் தொண்டு செய்யும் அகதிகள் ஆலோசனை நிலையத்தில் அவருடைய படிவத்தை நிரப்பியவன் நான்தான். கிஸ்ஸிக்குக் கட்டம் இல்லாததால் தயங்கினேன். "அண்ணை, ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பாஷைதானே, மெண்டே எண்டு போட்டு விடுங்கோ" என்றார் உடன் பணிபுரியும் வத்சலா. போட்டுவிட்டேன். அவரை நான் குறை சொல்லவில்லை, கையெழுத்து என்னுடையது.

4. பிறகு ஆறு வாரம் நூலகத்தில் இருந்து படித்தேன். மெண்டே, மாண்டே என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. கிஸ்ஸி, டெம்னே, புல்லோம் ஆகியவை மெல் என்னும் சிறு குடும்பம். கோலா அதில் சேருமா என்று அறிஞர்கள் வழக்காடுகிறார்கள். கிஸ்ஸியைப் பற்றி வழக்கில்லை. "கிளைமொழிகளுக்குத் தனித் தலைப்புக் கிடையாது" என்று எனக்குப் பதில் எழுதினீர்கள். ஒரே தீவில் பேசப்படுவதால் தமிழைச் சிங்களத்தின் கிளை என்று எழுதினால், ஐயா, அதன் கீழும் கையெழுத்திடுவீர்களா?

5. வட லண்டன் எட்மண்டனில் துப்புரவுப் பணி செய்யும் திரு. ஃபாயா, கிஸ்ஸியும் ஆங்கிலமும் நன்கு அறிந்தவர். அவரை அழைத்து வந்த அன்று கும்பா இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். ஆனால் பட்டியலில் இல்லாத மொழிக்கு ஆளைப் பதிய முடியாதென்று தங்கள் அலுவலகம் அவரைத் திருப்பி அனுப்பியது.

6. புதிய பட்டியல் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம். பழையதில் பேனாவால் ஒரு வரி சேருங்கள். ஃபாயாவைப் பதியுங்கள். மெண்டே என்று எழுதியது என் பிழையென்று கோப்பில் குறியுங்கள். இல்லையேல் நான்காவது மனுவுடன் நேரில் வருவேன்.

மறுப்புக் கடிதம் அந்தப் பிள்ளையை "மகள் எனப்படுபவர்" என்கிறது. அவள் பெயர் சியா. வயது ஏழு. உண்டென்றுதான் தாய் அன்றைக்கும் சொன்னாள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
சூ. செபமாலைமுத்து

மனோர் பார்க்,
24.05.1993