இருமிக்கொண்டு வந்த படகோட்டி

மச்சாள்,

உன் அண்ணன் நேற்றுப் பெரியகல்லாற்றிலிருந்து உன் கணினியைத் தன்னாமுனைக்குக் கொண்டுவந்து தந்தார். கூடவே ஜொய்ஸ்டிக். நீ விரலில் தைலம் தடவிக்கொண்டே விளையாடுவாய் அல்லவா, நீ போய் எட்டு மாதமாகியும் அது மணக்கிறது.

நம் விளையாட்டின் மூன்றாம் பாகம் வந்துவிட்டது. திட்டுவதற்கென்றே போட்டேன். முதல் பாகத்தில் என்ன இருந்தது? ஒரு படகு, தகப்பனைத் தேடும் ஒரு பெண், வாய் திறவாத படகோட்டி. அதற்கே இருவரும் அழுதோம். இரண்டாம் பாகம் யாரை விடுவது, யாரைக் காப்பது என்று நம்மைக் கேட்டது. "முதல்ல கதை எங்களக் கூட்டிப் போச்சு கா, இது எங்களப் பழிகாரராக்குது" என்றாய். மூன்றாவதில் கடல் மினுங்குகிறது, வழியெல்லாம் அம்புக்குறி, ஆளுக்கு ஆள் கதாப்பிரசங்கம். நீ இருந்தால் "வாய மூடுங்கடா" என்று திரையைப் பார்த்தே கத்தியிருப்பாய்.

இரண்டாம் பாகத்தில் நாம் செய்தவற்றை உன் கணினியிலிருந்து அதுவே எடுத்துக்கொண்டு கதையைத் தொடங்கியது. திரையில் ஒரு கதவு திறந்தது. யாரோ இருமினார்கள். ஜொய்ஸ்டிக் கைநழுவித் தரையில் விழுந்தது.

அந்தப் படகோட்டி! அவனை நாம் கரையில் விட்டுவிட்டுத்தானே வந்தோம்?

நம் சட்டம் உனக்கு நினைவிருக்கும். ஜொய்ஸ்டிக்கைப் பிடித்திருப்பவள் மற்றவள் சொன்னதைத்தான் அழுத்த வேண்டும், செய்ததை மாற்றக்கூடாது. அன்று வெள்ளம் ஏறியது, அவன் இருமிக்கொண்டு பின்தங்கினான், பிடித்திருந்தவள் நீ. "எப்படியும் சாகப்போறவன், விட்டுட்டு வா கா" என்றேன். நீ அழுத்தினாய். ஒரு மாதம் கழித்துத்தான் உன் நோய் எனக்குத் தெரிந்தது. உனக்கு அன்றே தெரிந்திருந்தது.

பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். நாம் சேர்ந்து முடித்ததற்குப் பிறகு, நீ தனியாக ஆடிய பதிவு ஒன்று இருக்கிறது. திரும்பிப் போய் அவனைப் படகில் ஏற்றியிருக்கிறாய். சட்டத்தை மீறியிருக்கிறாய், கள்ளி. என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லையே. என் பேச்சு உன்னை எவ்வளவு சுட்டிருக்கும்! அதற்குப் பிறகும் எத்தனை முறை எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தாய், என்னோடு சிரித்தாய். ஏசியாவது இருக்கலாம், மச்சாள்.

இதிலும் அவனை விட்டுவிட்டுப் போக வழி இருக்கிறது. விட்டால் சீக்கிரம் முடியுமாம், எப்படியும் கடைசியில் இறந்துவிடுவானாம். விளையாடி முடித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அம்புக்குறி முன்னே போ என்கிறது. அவன் மெதுவாகத்தான் வருகிறான். நான் நின்று நின்று நடக்கிறேன்.