ஜெயமணிக்கு வந்த எரேமியாவின் வசனம்

என் பிரியமுள்ள உபதேசியாருக்கு,

ஊர் உங்களைக் கூப்பிட்ட பெயரே என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. கர்த்தருடைய சமுகத்தில் சுகமாக இருப்பீர்கள். உங்கள் நினைவுநாளுக்குச் சபைப் பத்திரிகையில் நாலு வரி எழுதச் சொன்னார் போதகர். நல்லதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரம்தான் வருகிறது.

வருஷப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்து, அதிலுள்ள வசனமே அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குத் தந்த வாக்கு என்று எழுந்து நின்று வாசிக்கிறோமே, அவை இன்னும் நீங்கள் எழுதிவைத்துப் போனவைதான். ஆசீர்வாத வசனங்களுக்கு நடுவே தண்டனை சொல்லும் சில ஆக்கினை வசனங்களையும் கலந்துவிட்டீர்கள். "வேணாங்க, சோத்துல கல்லு கெடந்தா மாதிரி இருக்கும்" என்று அன்றைக்கே சொன்னேன். கண்டிக்காத அப்பன் கொடுக்கிற வாக்கை எந்தப் பிள்ளை நம்பும் என்று கேட்டீர்கள். பேச்சில் உங்களை ஜெயிக்க முடியுமா?

அந்தக் கல் இந்த வருஷம் நம் பேத்தி ஜெயமணிக்குக் கிடைத்தது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா கிருபையம்மாள் சிதம்பரத்திலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பெண் எழுந்து வாசிக்கிறாள். பாவம் செய்த ஊரின் தெருக்களில் மணவாளன் சத்தமும் மணவாட்டி சத்தமும் இல்லாமல் போகும் என்று எரேமியா தீர்க்கதரிசியைக் கொண்டு கர்த்தர் சொன்னது. பாதியிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்கு வேறு வசனமே அகப்படவில்லையா?

கிருபையம்மாள் நம் வீட்டில் கை நனைக்காமல் பஸ் ஏறினாள். கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோயிலில் வாசிக்க வேண்டாம் என்று போதகருக்குச் சொல்லியனுப்பினாள். ஓலை வாசிக்காமல் கல்யாணம் ஏது? ஜெயமணி தட்டைத் தொடவில்லை. நம் மகனோ கொஞ்சம் பொறு என்கிறான். பொறுத்துக்கொண்டிருக்க நான் என்ன எல்லாவற்றையும் சகித்த யோபுவா?

வேதத்தைப் பையில் போட்டுக்கொண்டு நானே சிதம்பரம் போனேன். அதே எரேமியா பின்னால் ஓரிடத்தில், பாழாய்ப்போன அதே தெருக்களில் அதே மணவாளன் சத்தமும் மணவாட்டி சத்தமும் மறுபடி கேட்கும் என்கிறாரே, அதை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன். சீனி கிடைக்கவில்லை என்று வெல்லக் காப்பி கொடுத்துவிட்டு, கிருபையம்மாள் சாவகாசமாகக் கேட்டாள்:

"சரி சம்பந்தி. நடுவுல அந்த ஜனம் எழுபது வருஷம் பாபிலோன்ல அடிமையா கெடந்துச்சே. எம்புள்ளையும் அதுவரைக்கும் காத்துக்கெடக்கணுமா?"

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கும் அதே ஆத்திரம்தானே? கடைசியில் கர்த்தர் கொடுக்கத்தான் போகிறார் என்றால் நடுவில் ஏன் அத்தனை அடி? திரும்பி வந்தவர்கள் வந்தார்கள். வழியிலேயே செத்தவர்களுக்கு என்ன பதில்?

அப்போதுதான் அவள் வாசல் நிலைக்கு மேலே பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வசனம். உங்களுக்கு நான் நினைத்திருப்பது தீங்கல்ல, சமாதானமே என்பது. அவளுக்குக் கல்யாணமான புதிதில், வருஷப் பிறப்புக்கு வந்து நம் கோயிலில் எடுத்த அட்டை அது. உங்கள் கையெழுத்து. எனக்கு எதுவும் மறக்காது.

"கிருபையம்மா, அதையும் எரேமியாதான் சொன்னாரு. பாபிலோன்ல கெடந்தவங்களுக்குத்தான் எழுதி அனுப்பினாரு. அடி வாங்கினதும் அவுங்கதான், வாக்கு வாங்கினதும் அவுங்கதான். இனிப்பை நீங்க மாட்டி வெச்சிக்கிட்டு, கசப்பை எம்பேத்தி தலையில கட்டுறீங்களே. கோயில் இருக்கு, நமக்கு ஒண்ணும் வராதுன்னு ஏழைங்களை நசுக்கினாங்க பாருங்க, அவுங்களைத் திருத்தச் சொன்னது எம்பேத்தி வாசிச்ச வசனம். எங்க பொண்ணு யாரை நசுக்கினா? எரேமியாவுக்குப் பயந்துதான் ஆகணும்னா அந்தச் சட்டத்தையும் கழட்டிடுங்க."

அவள் நிமிர்ந்து சட்டத்தைப் பார்த்தாள். கழற்றவில்லை. "எங்க வீட்டுக்காரங்க வந்தா கேட்டுச் சொல்றேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

திரும்பும் பஸ்ஸில் உங்களோடுதான் சண்டை. கைகழுவிவிட்ட பிள்ளையை எந்த அப்பனும் அதட்டமாட்டான் என்பீர்கள். அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் அதட்டலை மட்டும் அட்டையில் எழுதிவிட்டு, அதற்குப் பின்னால் வருகிறதை உங்கள் மனதிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டால், கேட்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இதை நேரில் வந்து கேட்காமல் விடமாட்டேன்.

ஓலையை வாசிக்கலாம் என்று கிருபையம்மாள் சொல்லியனுப்பினாள்; போன ஞாயிறு அவளும் வந்திருக்க வாசித்தார்கள். தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்டபோது நான் கிருபையம்மாளையே பார்த்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஜெயமணி இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கல்யாணத்தன்று கிருபையம்மாளை முதல் பந்தியில் உட்காரவைத்து என் கையாலேயே பரிமாறுவேன். ஒரு சொல் குத்திப் பேசமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. அவள் செய்ததை மறந்துவிடுவேன் என்று மட்டும் வாக்குக் கேட்காதீர்கள். கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். நான் கடவுள் இல்லையே.

இப்படிக்கு,
உங்களோடு இன்னும் சண்டை தீராத உங்கள் மனைவி,
ஜெயமணியின் ஆயா