கருகமணியும் கணக்குப் பரீட்சையும்

உக்கடம்,
20-3-1994

அன்புள்ள குல்சுவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ பரீட்சைக்குப் படிக்க உன் தங்கச்சி வீட்டுக்குப் போனதிலிருந்து, நான் வடிக்கிற சோற்றைத் தெருநாயும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்கிறது. நீ கோபித்துக்கொண்டு போய்விட்டாய் என்று தெருவெல்லாம் பேச்சு. நான் மறுக்கவில்லை. அந்தப் பரிதாபத்தில் நாலு வீட்டுக் குழம்பு வருகிறது.

ஒரு சிக்கல். அக்கா மகன் அஃபானுக்கு ஏப்ரல் ஏழாம் தேதி நிக்காஹ். மணப்பெண்ணுக்குக் கருகமணித் தாலி கட்டுவது நம் குடும்பத்தில் தாய்மாமன் பெண்டாட்டிதானே? "குல்சு வரலீன்னா உன்ற உறவே வேண்டாம்டா" என்கிறாள் அக்கா. ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போயேன்.

உன் சமையலுக்கு ஏங்கும்,
யூசுப்

கோபிசெட்டிபாளையம்,
25-3-1994

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எந்தெந்த வீட்டுக் குழம்பு என்று வந்து விசாரித்துக்கொள்கிறேன்.

டுட்டோரியலில் முதல் நாள் நான் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஏழாம் தேதி எனக்குக் கணக்குப் பரீட்சை. பத்தாவது தேறினால்தான் பாலர் பள்ளியில் ஆயா வேலை போய் டீச்சர் வேலை கிடைக்கும். நம் நிக்காஹும் என் ஒன்பதாவது முழுப்பரீட்சை வாரத்தில்தான் நடந்தது. பெண்கள் அறையில் தலைகுனிந்து, மனசுக்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள், நீங்களும்தான். இன்னொரு நிக்காஹுக்காக இன்னொரு பரீட்சையை விட மாட்டேன். அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

குல்சும்

உக்கடம்,
9-4-1994

அன்புள்ள குல்சுவுக்கு,

ஸலாம். கணக்கு எழுதிவிட்டாய் என்று உன் தங்கச்சி கடைக்குப் போன் போட்டுச் சொன்னாள். இங்கே எனக்கு வந்தது அதைவிடக் கஷ்டமான கேள்வி. உனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லத்தான் போனேன். கருகமணித் தட்டோடு அக்கா, "எங்கடா உன்ற ஊட்டுக்காரி?" என்றதும் பொய் வரவில்லை. "பத்தாவது பரீட்சை எழுதறாளுங்க அக்கா" என்று சத்தமாகவே சொல்லிப்போட்டேன். பிரியாணி கிளறியவர்கூடச் சிரித்தார். அக்காவே கருகமணியைக் கட்டினாள். என்னோடு இன்னும் பேசவில்லை.

நேற்று புது ஜோடி ஸலாம் சொல்ல நம் வீட்டுக்கு வந்தது. நான் போட்ட தீய்ந்த டீயைப் புதுப்பெண் ஹுமேரா முழுக்கக் குடித்தாள். பொறுமைசாலிப் பெண். போகும்போது மெதுவாக, "ஏனுங்க மாமா, ஒம்பதாவதோட நின்னவங்களும் அந்தப் பரீட்சை எழுதலாமுங்களா?" என்றாள். அஃபான் செருப்பு மாட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"உன்ற மாமியும் ஒம்பதாவதுதான் கண்ணு" என்றேன்.

மிச்சப் பரீட்சைகளையும் முடித்துவிட்டு வா. தேறினாலும் தேறாவிட்டாலும் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதே.

யூசுப்