கழற்றிவிட்ட வயர்

மார்ச் 4
இன்றைக்கும் வாடகை வண்டிதான். மூன்று பீரோ, இரண்டு கட்டில் ஏற்றி இறக்கி முதுகு ஒடிந்தது எனக்கு. காசு போனது வண்டிக்காரனுக்கு. கூலியில் முக்கால்வாசி அவன் எடுத்துக்கொள்வதால் நாங்கள் வைத்த பேர் ‘முக்கால்’. சொந்தமாக ஒரு பிக்கப் வாங்காவிட்டால் சாகும்வரை இவனுக்குத்தான் சுமக்கணும்.

மார்ச் 7
என் கையிருப்புக்கு ஓட்டை உடைசல்தான் கிடைக்கிறது. ஒரு வண்டியில் காலடித் தகரம் வழியாக ரோடு தெரிந்தது. “காத்தோட்டமா இருக்கும்” என்கிறான் விற்கிறவன்.

மார்ச் 9
இதுதான் வண்டி. சுவரோரம் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. ஓட்டியவர் போன மாதம் இறந்துவிட்டார். மனைவி விற்கிறாள். அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாவியைத் திருப்பினால் ஒரே தடவையில் கிளம்புகிறது, இன்ஜினில் ஒரு நடுக்கம் இல்லை.

“பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டாரு தம்பி. எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே.”

கேட்கிற விலை நியாயம். என்னிடம் அதில் பாதிதான் இருக்கிறது.

மார்ச் 10
“பாதிக் காசுக்கு எவ குடுப்பா?” என்றாள் என் மனைவி.

குடுக்க வைக்கணும். பட்டறையில் ரெண்டு வருஷம் சும்மாவா கிரீஸ் துடைச்சேன்?

மார்ச் 12
செய்துவிட்டேன். அந்த அக்கா தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். பானெட்டைத் தூக்கி, ஒரு சிலிண்டரின் பிளக்குக்குப் போகிற வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். அவள் வந்தபோது வண்டி குளிர் ஜுரம் வந்ததுபோல் உதறியது.

“அன்னைக்கு நல்லா ஓடிச்சே தம்பி?”

“கெட்டி ஆயில் ஊத்தி மறைச்சு வெச்சிருக்காரு, அக்கா. இன்ஜின் எப்பவோ போயிடுச்சு.”

“எங்க வீட்டுக்காரரா?” என்றாள். சொம்பை நீட்டினாள். கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தேன்.

மார்ச் 13
நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 15
பாதி விலைக்கு முடிந்தது. நேற்று ஒரு புரோக்கர் கூடுதலாகத் தருகிறேன் என்றானாம். “இன்ஜின் சரியில்லன்னு சொல்லி அனுப்பிட்டேன் தம்பி. ஒருத்தரை ஏமாத்தலாமா?” சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். தெருமுனை தாண்டியதும் வயரை மாட்டினேன்.

மார்ச் 22
முக்கால் என் வண்டியைப் பார்த்து வாயைப் பிளந்தான். இந்த வருஷத்திலேயே நல்ல நாள்.

ஏப்ரல் 3
அந்த அக்கா வீடு தேடி நடந்தே வந்தாள். கையில் புருஷனுடைய நோட்டு. வண்டிக்குச் செய்ததெல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறார்.

“நான் செருப்பு கேட்டாக்கூட, வண்டிக்கு ஆயில் மாத்தணும்பாரு. பதினாறு வருஷம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் குடுத்தேன். இதுல எழுதினதெல்லாம் பொய்யின்னா, அந்தக் காசு எவ வீட்டுக்குப் போச்சோ. சுவத்துல இருந்த படத்தையும் கழட்டிட்டேன். இதை நீங்களே கிழிச்சுப் போடுங்க.”

போகும்போது வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். “சரி பண்ண ரொம்ப செலவாச்சா?”

“ஆமாக்கா.”

“பாவம்” என்றாள். என்னைப் பார்த்து.

ஏப்ரல் 4
சொல்லிடலாமா? சொன்னா வண்டியத் திருப்பிக் குடுக்கணும். திருப்பிக் குடுத்தா மறுபடி முக்கால் — முடியாது. என்னால முடியாது.

ஏப்ரல் 19
அடுத்த ஆயிலுக்கென்று அவர் நோட்டில் போட்டிருந்த கிலோமீட்டர் வந்துவிட்டது, ஆயில் மாற்றினேன். கழற்றிய ஃபில்டரில் அவர் பேனாவால் தேதி எழுதியிருந்தார். நோட்டின் கடைசி வரியிலும் அதே தேதி. புது ஃபில்டரில் இன்றைய தேதியைப் போட்டு மாட்டினேன். நோட்டிலும் அவர் வரிக்குக் கீழே எழுதினேன். பழைய ஃபில்டரைக் குப்பையில் போடும்முன் தேதியைத் துடைத்துவிட்டேன்.