மூலக்கூறும் அரைநாள் பேரும்

12.8.2006, சனி

இன்று மாலை தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெளிநாட்டில் மூலக்கூறுகளைக் குளிரவைக்கும் ஆய்வு செய்கிற தோட்டத்துப் பிள்ளையாம் நான். நாற்காலி முன்வரிசைக்கு மட்டும்தான். கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பெண்கள் பின்னால் நின்றார்கள். அம்மாவும் அங்கேதான் நின்றாள்.

என் வேலையை எளிதாகத்தான் சொன்னேன். சூடு என்பது மூலக்கூறுகளின் ஓட்டம். மின்புலத்தைக் கொண்டு படிப்படியாக வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட நிற்கவைத்துவிட்டால் அவை நம் சொல் கேட்கும்.

தோட்டத்தை நடத்தும் துரை எழுந்து மைக்கை வாங்கினார்.

"கேட்டதா? அங்க மெதுவா போனா பட்டம். இங்க நீங்க மெதுவா கொழுந்து எடுத்தா அரைநாள் பேருதான்!"

மடுவமே சிரித்தது. நானும் சிரித்தேன். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டே, பல்லெல்லாம் தெரிய. போன வாரம் காய்ச்சலோடு மலைக்குப் போன அம்மாவுக்குக் கொழுந்து குறைந்ததென்று அரைநாள் பேர், பாதிச் சம்பளம்தான் போட்டார்கள் என்று தெரிந்தும் சிரித்தேன். துரையை எனக்கு எப்போதும் பிடிக்காது, அது பழைய கதை. ஆனால் இன்று சிரித்தது என் வாய்.

எங்கள் லயத்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "தொரை அப்புடி சொன்னது ஒனக்கு வலிக்கலையாம்மா?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "மொதல்ல சுருக்குன்னுதான் இருந்துச்சு. அப்புறம் ஒன்ன பாத்தேன். படிச்ச புள்ளையே சிரிக்குது, நாந்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்னு நானும் சிரிச்சிட்டேன்."