ங்க போட்டுப் பேசாதே

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி உதயா மூன்று பேரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் பொய் சொல்வாய். போனில் சத்தம் போட்டால் டவர் இல்லை என்று கட் பண்ணிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், உதயா போட்டோ எடுத்து அனுப்புவான், பேப்பரைக் கட் பண்ண முடியாது பார்.

வியாழக்கிழமை செய்யார் ஷூ கம்பெனி பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட் அகல்யா போனை நீட்டி, உங்கள் பெண் வேலை செய்கிற ஊரா பாருங்கள் அக்கா என்றாள். ஏவுகணை விழுந்ததாம், நீ நர்ஸாக இருக்கிற அந்த வெளிநாட்டு மிலிட்டரி ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் ஆம்புலன்ஸாக வந்து நிற்கிறது. அன்றைக்கு நான் தைத்த ஷூ எல்லாம் கோணல், சூப்பர்வைசர் கத்தினான், கத்தட்டும். சாப்பாட்டு நேரத்தில் உனக்குப் போன் போட்டால் நீ என்ன சொன்னாய்? "ஒண்ணும் இல்லீங்கம்மா, இங்க ஏதோ பண்டிகைங்க, பட்டாசு வெடிக்கிறாங்க, நீங்க சாப்டீங்களா?"

பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிடுகிற பெண், இந்த ங்க எங்கிருந்து முளைத்தது? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு முள்ளிப்பட்டில் கூட்டாளி வீட்டில் இருந்துவிட்டு வந்த அன்றைக்கும், ஸ்கூலில்தாங்க இருந்தேன் என்று இதே மரியாதைதான் கொடுத்தாய். மறைக்க ஏதாவது இருந்தால்தான் உனக்கு நான் பெரிய மனுஷி.

உதயாவைப் பிடித்து உலுக்கினேன், எல்லாம் கொட்டிவிட்டான். நீங்களெல்லாம் பேஸ்மென்டில் படுக்கிறீர்களாம், லீவு கொடுத்தும் வேண்டாம் என்றாயாம். அம்மாவிடம் சொன்னால் பேஜார் என்று அவன் வாயைக் கட்டினாயாம். அப்பாவுக்கும் தெரியுமாம், மிலிட்டரி இடத்தில் சுற்றிலும் துப்பாக்கியோடு காவல் இருக்கும், அதைவிடப் பத்திரம் உண்டா என்கிறார், அவருக்கு வானத்திலிருந்து விழுகிறது கணக்கில் இல்லை. எனக்கு மட்டும்தான் தெரியாது, நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?

அடிபட்டுக் கிடப்பவர்களை விட்டுவிட்டு எப்படி வருவது என்று அவனிடம் கேட்டாயாம். யார் யாருக்கோ சண்டை, கட்டுப் போட என் பெண்தான் கிடைத்தாளா என்று பற்றிக்கொண்டு வருகிறது. அப்புறம் அந்தக் கட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் ஒருத்தி அம்மா இருப்பாளே என்றும் தோன்றுகிறது, அப்படித் தோன்றுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. போட்டது போட்டபடி கிளம்பி வா என்றுதான் வாயில் வருகிறது. சொன்னால் நீ வரப்போவதில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், குண்டு விழுந்தால் குண்டு விழுந்தது என்று சொல். வெடிச் சத்தம் கேட்டால் எனக்குப் போன் போட்டு, "பயமா கீது, நீ பேசிகினே இரு" என்று சொல். மிஷினை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன், யார் கத்தினாலும் சரி.

மாரியாத்தா உனக்குத் துணை நிற்கட்டும், நோய் நொடி அண்டாமல் நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. படுக்கும்போது செருப்பைக் கட்டில் அடியில் தள்ளிவிடாதே, கால் பக்கமே வைத்துக்கொள், ஓடுகிற நேரத்தில் இருட்டில் துழாவிக்கொண்டு நிற்காதே.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
சசிகலா