றோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றவனுக்கு

மச்சான்,

கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு தொடாமல் கிடந்த பெயின்ட் பிரஷை இன்று காலை மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். கடை முழுக்க மணம் ஏறியதும் தலை தானாகத் திரும்பி றோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தது. நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஏழு மாதம். எனக்குத் தெரியும். என் கழுத்துக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

கல்முனையில் நாம் போர்டு எழுதிய காலத்தில் எழுத்து என் பங்கு, முகம் வரைவது உன் பங்கு. "எங்கட மார்க்கத்தில முகம் கீறுறது பாவம், எனக்கு வேணாம்" என்பேன். "ஓம் ஓம், ஞாயித்துக்கிழமை பாதருக்கிட்ட உன்ட பாவத்தையும் சேத்துச் சொல்லுறன், நீ எழுது" என்று சிரிப்பாய். ஏணியில் நிற்கிறவனுக்கு வரி சரிவது தெரியாது. அதனால் நான் ஏறினால் நீ எதிர்ப்பக்கம் போய் நின்று, வரி பக்கத்து ஊருக்கே சரிந்துவிட்டதுபோல, ஊரே கேட்கக் கத்துவாய்: "டேய், கடைசி எழுத்து மருதமுனைக்கு இறங்குது!"

போர்டின் கீழ் மூலையில் என் பெயரை மட்டும் எழுதுவேன். சனம் முகத்தைப் பார்த்துத்தான் நின்றது. பெயர் மட்டும் என்னுடையது. "உன்ட பேரையும் போடவா?" என்று ஒருநாள் கேட்டேன். அதையும் ஏணியால் இறங்கிய பிறகுதான் கேட்டேன், வெட்கங்கெட்டவன். "இனி மறுகா ஏறப்போறியா? விடு மச்சான்" என்றாய். நானும் விட்டுவிட்டேன்.

பிறகு நீ நோர்வேக்குப் போனாய். வீடுகளுக்கு பெயின்ட் அடித்துத் தொடங்கியவன், அங்கே ஒரு துறைமுகப் பட்டணத்தின் சுவர்களுக்கே ஓவியனானாய். "இஞ்ச கடல் கறுப்பு மச்சான், நம்மட நீலத்த அடிச்சா ஒருத்தரும் நம்பமாட்டாங்கள்" என்று போனில் சொன்னாய். ஆனாலும் நூலகச் சுவரில் பாதிக் கடலை நீலமாக்கி, பனிமலைக்கு அடியில் நம் ஒலுவில் கரை வள்ளங்களை விட்டாய். அந்த ஊர் மீனவனுக்குக் கம்பளிச் சட்டையோடு மருதமுனைச் சாறன் உடுத்தினாய்.

"அவனுக்குக் குளிருமேடா!"

"அதுக்குத்தானே முழங்கால் மட்டும் பூட்ஸ் போட்டிருக்கன்."

சுவருக்குத் தமிழ் எழுத்து தேவைப்பட்டால் என்னிடம்தான் கேட்பாய். அதே அளவில் காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்புவேன். முடிந்த சுவரின் படம் வரும். மூலையில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் இருக்கும். ஒருமுறைகூட மறக்கவில்லை நீ.

கடைசியாக மீன் சந்தைச் சுவர். நடுவில் ஒரு பட்டை வெறுமையாக விட்டிருந்தாய். "இது உனக்கு. வந்து உன்ட கையால எழுது."

"என்னத்த எழுத?"

"வாவன், மறுகா பாப்பம்."

முழங்கால் என்றேன், குளிர் என்றேன், மகளின் கலியாணம் என்றேன். எல்லாம் சாட்டு. அங்கே ஆர்ட்டிஸ்ட் நீ. நான் ஏணி பிடிக்கிறவனாக நிற்க வேண்டிவரும் என்றுதான் வரவில்லை. இதை உன்னிடம் சொல்லாமலே உன்னைப் போகவிட்டேன்.

போன கிழமை உன் மகள் செய்தி அனுப்பினாள்: "மாமா, அந்த இடத்தில அப்பா என்ன எழுதச் சொன்னவர்? எழுதாட்டி வெள்ளை பூசப்போறாங்களாம்."

நீ சொல்லவேயில்லையே. மூன்று நாள் பழைய போர்டுகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். தெற்கே கோமாரி ஊர் வரைக்கும் எத்தனை கடைக்குப் பெயர் எழுதியிருப்பேன்! உன் பெயரை ஒருநாளும் எழுதியதில்லை என்பது நேற்று அஸர் தொழுதுவிட்டு வரும்போதுதான் உறைத்தது. அழுதுகொண்டே நடந்தேன்.

இன்று கடைச் சுவரில் காகிதத்தை ஆணியால் அடித்து, ஏணியேறி, பென்சிலால் உன் பெயரை எழுதினேன். முடிந்ததும், "சரியாடா மச்சான்?" என்று கத்தியே விட்டேன். மோட்டார் சைக்கிளில் போனவர் ஒருவர் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

இறங்கி, றோட்டைக் கடந்து, நீ நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். உன் பெயர் மருதமுனைக்கு இறங்கியிருந்தது. திரும்ப வந்து ஏறித் திருத்தினேன். மறுபடி இறங்கினேன், கடந்தேன், பார்த்தேன். ஐந்து தரம். வரி நேரானபோது நண்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. அதன் பிறகுதான் கறுப்பு பெயின்டைத் தொட்டேன். மூலையில் என் பெயரைப் போடவில்லை.

நாளைக்குத் தபாலில் போடுவேன். முழங்கால் வலிக்கிறது. இது ஒராள் செய்யிற வேலை இல்ல, மச்சான்.